சில்லறையின் இடது முன்னங்கால்

விலை சொல்லவே முடியாத ஒரு குதிரையின் விலை பதினெட்டுக் காசு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குதிரைத் தரகர் சந்தையில் மூன்று வண்டிக் குதிரைகளை வாங்கிவிட்டுப் பெரிய நோட்டாக நீட்டினார். விற்றவனிடம் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. பதினெட்டுக் காசு இடித்தது. விட்டுக்கொடுக்கிற வழக்கம் இரண்டு பேர் பரம்பரையிலும் கிடையாது. அரைமணி நேரம் முறைத்துக்கொண்டு நின்ற பிறகு, விற்றவன் தன் வண்டிக்கடியில் சுருண்டு கிடந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்து இவர் காலடியில் போட்டான். பிறந்து நாலு நாள். தாய் செத்துப்போயிருந்தது; குட்டியும் அதே யோசனையில்தான் இருந்தது. தரகர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து பார்த்தார். பல்லே இல்லை. வயதைக் குறைத்துச் சொல்லி யாரும் தன்னை ஏமாற்ற முடியாத ஒரே குதிரை இதுதான் என்று தோன்றவே, தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்தார்.

அப்போது அவருடைய மகளுக்குப் பத்து வயது. புட்டியில் பால் கொடுத்து, ராத்திரியெல்லாம் லாயத்திலேயே படுத்து, குட்டியின் யோசனையை அவள் மாற்றினாள். மீதிப் பணத்துக்கு வந்தது என்பதால் பேரையும் அவளே வைத்தாள்: சில்லறை. சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையாக அது வளர்ந்த பிறகு எத்தனையோ பேர் விலை கேட்டார்கள். தரகர் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பார். மகள் லாயத்து வாசலில் வந்து நிற்பாள். திறந்த வாயால் கொட்டாவி விட்டு மூடிக்கொள்வார்.

தரகருக்கு ஊர் வைத்த பேர் முக்கால். யார் என்ன விலை சொன்னாலும் அதில் முக்கால்தான் கொடுப்பார். நூறு என்றால் எழுபத்தைந்து, எட்டு என்றால் ஆறு. மருத்துவர் வேளைக்கு நாலு மாத்திரை எழுதினால் மூன்றுதான் விழுங்குவார். குதிரைச் சந்தையின் இரைச்சலில் நூறடி தூரத்திலிருந்தே விரல்களைக் காட்டி விலை பேசுவது தரகர்களின் வேலைமுறை. அதில் முக்காலுக்கு இருந்த கண் வேறு யாருக்கும் இல்லை. தூசிக்கு நடுவே, ஆயிரம் தலைகளுக்கு மேலே, ஒருவன் காட்டுவது நாலு விரலா ஐந்து விரலா என்று சரியாகச் சொல்லிவிடுவார். மகளுக்கும் ஆறு வயதிலேயே அதைப் பழக்கியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் வாய் பேசாமல் விரலாலேயே ஒரு அப்பளத்துக்குப் பேரம் பேசுவதைப் பார்த்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மகளுக்குத்தான் இந்த வருஷம் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. ரயிலில் இரண்டு நாள், அப்புறம் கப்பலில் பதினோரு நாள். நடுவில் வந்து போகிற தூரமில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் வந்து சொன்னாள்.

"நாலு வருஷம்ப்பா."

"மூணு" என்றார் முக்கால்.

அவர் நினைத்துச் சொன்னதில்லை. தும்மல் வருவது போல வந்துவிட்டது. 

"அப்பா, இது குதிரை இல்ல."

 பதில் தெரியாதபோது வியாபாரி என்ன செய்வானோ அதைச் செய்தார்: துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். சந்தையில் இது நூற்றுக்கு நூறு பலிக்கிற வித்தை. வாங்க வந்தவன் திரும்பி நடந்தால், பத்தாவது அடிக்குள் விற்பவன் கூப்பிட்டே தீருவான். பத்து அடி நடந்தார். தெருமுனை வரைக்கும் நடந்தார். மகள் கூப்பிடவில்லை. இந்தத் தொழிலில் திரும்பிப் பார்த்தவன் தோற்றவன். அதனால் அப்படியே போய், தெருமுனை லாயத்தில் விற்பதற்கு நின்ற இரண்டு குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு, இரண்டு நாள் பயணத்தில் இருந்த பெரிய சந்தைக்கே போய்விட்டார். விற்றார். நல்ல லாபம். அந்த லாபத்தை எண்ணுகிறபோது ஒரு தடவைகூடக் கணக்குச் சரியாக வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு யாரோ ஒருவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வாசலில் மகளின் செருப்பு இல்லை. முந்தின நாள் மத்தியானமே அத்தையோடு கிளம்பி ரயிலடி ஊருக்குப் போய்விட்டாளாம். ராத்திரி அத்தை வீட்டில் தங்கல், இன்றைக்குப் பதினோரு மணிக்கு ரயில். எல்லாவற்றையும் வீட்டுக்காரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடுவான்னு காத்துக்கிட்டு இருந்தீங்களாக்கும். அவ விக்க வந்தவ இல்லைங்க."

முக்கால் தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடி உதறினார்.

"போறப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போனா. சில்லறையோட காலைப் பாத்துக்குங்கன்னா."

ரயிலடிக்குப் பதினான்கு மைல். லாயத்தில் மிச்சம் இருந்தது சில்லறை மட்டும்தான். முக்கால் சேணத்தைத் தூக்கிப் போட்டார். மிதமான ஓட்டத்தில் போனாலும் பத்து மணிக்குப் போய்விடலாம். போய் என்ன சொல்வது என்பதை வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

ஆறாவது மைலில் சத்தம் மாறியது. அதுவரை டக் டக் டக் டக் என்று வந்துகொண்டிருந்த நாலு இரும்புச் சத்தத்தில் ஒன்று உதிர்ந்து, டக் டக் டக் தொப் என்று கேட்டது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். இருபது அடி தள்ளி ஜல்லிக்கு நடுவில் லாடம் கிடந்தது. இடது முன்னங்கால் வெறுங்குளம்பு.

லாடத்தைக் கையில் எடுத்து மண்ணைத் துடைத்தபோதுதான் அதைக் கவனித்தார். ஆணி அடிக்க எட்டு ஓட்டைகள். ஆறில் ஆணி இருந்து தேய்ந்த அடையாளம். இரண்டு ஓட்டைகள் பட்டறையிலிருந்து வந்த கருக்கு மாறாமல் சுத்தமாக இருந்தன. குனிந்து மற்ற மூன்று கால்களையும் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் ஆறு ஆறுதான்.

போன மாதம் நடந்தது அப்போது விளங்கியது. ஊரில் லாடம் அடிக்கிறவருக்குப் பட்டப்பேர் கறார். லாடம் பழையதாக இருந்தாலும் புதிதாக இருந்தாலும் ஆணி ஒன்றுக்கு ஒரு காசு. காலுக்கு எட்டாக நாலு காலுக்கு முப்பத்திரண்டு. முப்பது வருஷமாக அதில் ஒரு காசு குறைத்ததில்லை. முக்கால் இருபத்து நாலுக்குக் கேட்டார். மூன்று வாரம் தினமும் போய்ப் பட்டறை வாசலில் உட்கார்ந்து கேட்டார். மகள்கூடச் சொன்னாள், அந்த எட்டுக் காசைத் தான் தருவதாக. அது முறையில்லை என்று மறுத்துவிட்டார். கடைசியில் ஒருநாள் கறார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சரி, காசுக்கேத்த வேலை" என்றார். கறாரையே மடக்கிவிட்டேன் என்று முக்கால் தேநீர்க் கடையில் ஒரு வாரம் மீசையை முறுக்கினார். அந்த மனிதரோ இருபத்து நாலு காசுக்கு எண்ணி இருபத்து நாலு ஆணி அடித்து அனுப்பியிருந்தார்.

கோபப்படவும் வழியில்லை. பேரம் சுத்தமான பேரம்.

சாலையைப் பார்த்தார். இன்னும் எட்டு மைல், முழுக்க உடைத்துப் போட்ட கருங்கல் ஜல்லி. ஏறிப் போனால் பத்தரைக்குப் போய்விடலாம். சில்லறை போகும், விழுகிற வரைக்கும் போகிற ஜாதி அது. ஆனால் வெறுங்குளம்பு இரண்டாவது மைலில் பிளக்கும், நாலாவது மைலில் பிளவு மேலே ஏறும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான். நடத்திக்கொண்டு போனால் கால் பிழைக்கும். ஆனால் அவருடைய முழங்காலுக்கு எட்டு மைல் நாலு மணி நேரம். ரயில் போய்விடும். நாலு வருஷம்.

பாதி தூரம் ஏறி, பாதி தூரம் நடந்தால் என்ன என்று குளம்போடு பேரம் பேசிப் பார்த்தார். முக்கால் பிளவு என்று ஒன்று உண்டா என்றுகூட யோசித்தார். பிறகு மகளின் முகம் கண்ணில் வர, எதையும் யோசிக்காமல் ஏறிவிட்டார். நூறு அடி போயிருக்கும். 'சட்' என்று ஒரு சின்னச் சத்தம். இறங்கிப் பார்த்தால் குளம்பின் விளிம்பிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து தரையில் கிடந்தது. சில்லறை அசையவில்லை, காலை உதறவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது, அவ்வளவுதான்.

சில்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகள் குதிரைக்காரர்களைப் போலப் பல்லைப் பார்க்கிறவள் இல்லை. எந்தக் குதிரை எதிரே வந்தாலும் அவள் முதலில் பார்ப்பது காலைத்தான். ரயிலடியில் போய் இறங்கினால் அப்பாவின் முகத்துக்கு அவள் கண் வந்து சேர்வதற்கு முன்னால் இந்தக் காலுக்குப் போயிருக்கும். சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. அதையும் உடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போய் எந்த முகத்தைக் காட்டுவது?

இடுப்பிலிருந்து தோல் பணப்பையை அவிழ்த்தார். சந்தை லாபம் முழுவதையும் சட்டைப்பைகளில் கொட்டிக்கொண்டு, காலிப்பையைக் குளம்புக்கு மாட்டி, இடுப்பு வாரால் இறுக்கிக் கட்டினார். முப்பது வருஷம் அந்தப் பை சுமந்ததிலேயே கனமான சரக்கு அதுதான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ரயில் கிடைக்காது என்று தெரிந்தேதான் நடந்தார்.

கால் மைல் போனதும் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அங்கே சில்லறை நின்றுவிட்டது. இழுத்தார், வரவில்லை. வலது பக்கம் திரும்பி, புதருக்கு நடுவே ஒரு சரிவில் இறங்கியது. இறுகப் பிடித்தால் தானும் விழவேண்டும் என்பதால் கூடவே இறங்கினார். கீழே வற்றிப்போன ஆறு. இந்த ஆறு மலையைப் பிளந்துகொண்டு போய் ரயில் பாலத்துக்கடியில் வெளியே வருகிறது என்று அவருக்குத் தெரியும். அதற்குள் ஆள் போகலாம் என்பதுதான் தெரியாது. சாலையில் கடைகள் உண்டு, விலை பேச ஆட்கள் உண்டு. ஆற்றுக்குள் யாரிடம் பேசுவது?

முதல் வளைவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறை எழுந்தது.

பத்து ஆள் உயரம், இருபது ஆள் உயரம் என்று கண்ணால் அளந்துகொண்டே போனவர் ஐம்பதாவது ஆளில் கணக்கை விட்டுவிட்டார். துணிக்கடையில் அடுக்கிய பொதிகள் மாதிரி சிவப்பு, மஞ்சள், சாம்பல், மறுபடி சிவப்பு என்று வரிவரியாகக் கல் மேலே போய்க்கொண்டே இருந்தது. யார் அடுக்கியது, எத்தனை காலம் அடுக்கியது என்று நினைத்தபோது பின்கழுத்து சிலிர்த்தது. உச்சியில் ஒரு கீற்று வானம். அதிலிருந்து வெயில் நேராக இறங்காமல் பாறைக்குப் பாறை கைமாறி, அடிக்கு வரும்போது தேன் நிறமாகியிருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மண்கூடுகள். ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே சமயத்தில் திரும்பின. திரும்பியபோது அவருடைய தலைக்கு மேலே வானமே புரண்டு படுத்த மாதிரி இருந்தது. முக்கால் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக எதைப் பார்த்தாலும் உடனே ஒரு விலை வருகிற வாய். ஒன்றும் வரவில்லை. முப்பது வருஷமாக இதன் தலைக்கு மேலேதான் போய்வந்துகொண்டிருந்தார்.

பிறகு தரையைப் பார்த்தார். மழைக்காலச் சேறு காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதில் குளம்புத் தடங்கள். போனதும் வந்ததுமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, மாதக்கணக்கில். எல்லாம் ஒரே குதிரையின் தடம். சில்லறை தன்னுடைய பழைய தடத்திலேயே காலை எடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று மகள் கிளம்புவாளே, எந்த வழியாகப் போகிறாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. என்ன வாங்கிவந்தாய், எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

கூழாங்கல் நிறைந்த இடங்களில், கல்லிடுக்குச் சேற்றில், குளம்புத் தடத்தின் பக்கத்திலேயே ஓர் ஆளின் செருப்புத் தடமும் இருந்தது. மெத்தென்ற மணலும் சேறும் வந்தால் செருப்புத் தடம் இல்லை, குளம்பு மட்டும்தான். அவருக்குச் சட்டென்று புரிந்தது. கல்லில் இறங்கி நடந்திருக்கிறாள். மணலில் ஏறிப் போயிருக்கிறாள். நாலு காலிலும் லாடம் இருந்தபோதே.

மணல் தொடங்குகிற இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பாறை கிடந்தது. சில்லறை அதை ஒட்டிப் பக்கவாட்டில் வந்து நின்றாள். இதற்குமேல் குதிரையை 'அது' என்று சொல்ல வாய் வராது. அவர் ஏறலாமா என்று தயங்கினார். அவள் நகரவில்லை. தட்டினார், கெஞ்சினார், நகரவில்லை. கடைசியில் பாறைமேல் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். பஞ்சில் வைப்பது போல ஒவ்வொரு காலாக வைத்து அவள் நடந்தாள். பணப்பை கட்டிய காலை மணல் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. அடுத்த கூழாங்கல் பரப்பு வந்ததும் மறுபடி நின்றாள். இறங்கினார். மணல் வந்தது, இன்னொரு பாறை, நின்றாள், ஏறினார். வாழ்நாளில் யாருடைய நிபந்தனைக்கும் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டியதில்லை முக்கால். அன்றைக்கு ஒன்பது தடவை ஏறினார், ஒன்பது தடவை இறங்கினார்.

பாலம் கண்ணில் பட்டபோது கடிகாரம் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் காட்டியது. ரயிலடி பாலத்துக்கு அந்தப் பக்கம், கரைமேல், இன்னும் ஒரு மைல். ஓடினாலும் கிடைக்காது, ஓடவும் முடியாது. பாலம் நாற்பதடி உயரத்தில் இரண்டு பாறைக்கும் நடுவே நீண்டு கிடந்தது. மேலே ஏற வழி தேடிச் சில்லறையை இழுத்தார். அவள் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கே தரை மட்டும் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமை ஒரு குதிரை நின்று நின்று தேய்த்த பள்ளம். காதை விறைத்துக்கொண்டு தலையை மேலே தூக்கினாள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூண் அதிர ஆரம்பித்தது.

பழைய பாலம், ரயில் அதன்மேல் மாடு நடக்கிற வேகத்தில்தான் போகவேண்டும் என்பது விதி. எஞ்சின் போயிற்று. முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் ஒரு முகம் ஏற்கெனவே வெளியே நீண்டு, கீழே இந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ரயில் பார்க்க நின்ற அந்த வெறும் பள்ளத்துக்குப் போய்வருகிறேன் என்று சொல்ல வந்த முகம். அங்கே குதிரை நிற்பதைக் கண்டதும் அது அப்படியே நின்றுபோனது. மகள் முதலில் சில்லறையின் காலைப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த பணப்பையைப் பார்த்தாள். அந்தப் பையை இந்த உலகத்தில் அவளுக்குத் தெரியாதா? அப்புறம், முழங்கால் வரை மணலோடு பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தாள்.

அவள் ஏதோ கத்தினாள். இரும்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் யோசிக்கலாம் என்று தள்ளிவைத்த பேச்சு எதுவும் முக்காலிடம் இல்லை. கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். கட்டைவிரலை மடக்கினார். நாலு விரல் காட்டினார்.

அவர் சொன்ன முதல் முழு விலை.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல் காட்டினாள். மூன்று மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பறவைக் கூட்டம் பாலத்துக்கும் அவருக்கும் நடுவே புகுந்தது. அது விலகியபோது அவள் கை வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. சந்தையிலேயே பெரிய கண் என்று பேர் எடுத்த ஆள். இந்த ஒரு விலையை மட்டும் சரியாகப் பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது என்று அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். பாறையைப் போல, பறவையைப் போல, அது அவரைக் கேட்காமல் வந்தது.

கடைசிப் பெட்டியும் போய், தூணின் அதிர்வு அடங்கும் வரை இரண்டு பேரும் அண்ணாந்தபடியே நின்றார்கள்.

அதே வழியாகத் திரும்பி, மாலையில் கறாரின் பட்டறைக்குப் போனார். கறார் உலைப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, காலில் இருந்த பையையும் பார்த்தார். முக்கால் லாடத்தை எடுத்துப் பட்டடைக் கல்மேல் வைத்தார்.

"எட்டு ஆணிண்ணே. மத்த மூணு காலுக்கும் விட்டுப்போன ரெண்டு ரெண்டு."

"பதினாலு காசு ஆவும்" என்றார் கறார், இனி மூன்று வாரத்துக்கு வாசலில் ஆள் உட்காரப்போகிறது என்று தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு.

முக்கால் பதினாலு காசை எண்ணி வைத்தார். கறார் அதைத் தொடவில்லை. வீட்டில் எல்லாரும் சுகமா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சில்லறையின் காலை மடியில் ஏந்தி, சில்லு பெயர்ந்த இடத்தை அரத்தால் ராவி, எட்டு ஆணிகளையும் ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி அடித்தார்.

அன்றைக்கு வீட்டில் முக்கால் நோட்டைத் திறந்து எழுதினார். குதிரை வாங்கிய வகையில் பதினெட்டு. ஆணி வகையில் பதினாலு. ஆக முப்பத்திரண்டு, கறார் கேட்ட முழு விலையும் அதுதான், கணக்கு நேர். கொடுத்தது நாலு விரல். வந்தது மூன்றோ, நாலோ. அந்த ஒரு விரலைத் தள்ளுபடியில் எழுதுவதா, வரவில் எழுதுவதா என்று விளக்கை அணைக்கும் வரை யோசித்துவிட்டு, கடைசியில் இப்படி முடித்தார்: பாக்கி, ஒரு விரல். நேரில் வரும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது.